காலணாப் பாட்டில் ஏறிய புகைவண்டி

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் புகைவண்டி ஓடிற்று. 1895-இல் சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. 1903-இல் சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் சென்னையிலேயே கட்டி ஓட்டினார். 1905-இல் திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துச் சலனப்படம் காட்டப் புறப்பட்டார். 1910-இல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தி வந்த டி ஆஞ்சலிஸ் என்பவர் சென்னை மக்கள் முன்னிலையில் விமானமேறிப் பறந்து காட்டினார்.

பாட்டன் மாட்டு வண்டியில் பிறந்தான், பேரன் ஆகாய விமானத்தை அண்ணாந்து பார்த்தான் என்று சொல்லிவிடலாம். இவ்வளவையும் கண்ட மக்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள்? அரசாங்க அறிக்கைகளில் மைல் கணக்கும் வரவு செலவும் இருக்கின்றன. ஆங்கிலப் பத்திரிகைகளில் துரைமார்களின் வியப்பு இருக்கிறது. அக்காலத்தில் அச்சேறிய நம் செய்யுள் நூல்களைப் புரட்டினாலோ அந்தாதியும் கலம்பகமும் தலபுராணமுமே மிகுதி. தெருவில் நடந்த பேச்சு எங்கே பதிவாயிற்று என்று தேடிக்கொண்டு போகிறவர் வந்து சேரும் இடம், சென்னைப் பார்க் டவுனை ஒட்டியிருந்த குஜிலிக் கடை.

குஜிலி என்பது மாலை நேரச் சந்தையைக் குறிக்கும் உருதுச் சொல்லின் திரிபு என்பர். ஈவினிங் பஜார் என்று அப்பகுதியில் ஒரு தெருப்பெயரே நிலைத்துவிட்டது. பழைய சாமான்களும் திருட்டுப் பொருள்களும் விலைபோன அந்தச் சந்தையின் அருகே மலிவான அச்சுக்கூடங்கள் பெருகின. 1835-இல் சுதேசிகளும் தடையின்றி அச்சுக்கூடம் வைத்துக்கொள்ள வழி பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் பயன் தெருவரைக்கும் இறங்கிவிட்டது. பெரிய எழுத்துக் கதைகள், அம்மானைகள், சோதிடம், வைத்தியம் ஆகியவற்றோடு நான்கு பக்கம், எட்டுப் பக்கம், பதினாறு பக்க அளவில் பாட்டுப் புத்தகங்கள் அங்கே அச்சாகிக் குவிந்தன. விலை காலணா, அரையணா, மிஞ்சினால் ஓரணா. ஏட்டுப் பதிப்பில் தோய்ந்த அறிஞர்கள் பிழை மலிந்த எந்த நூலையும் ‘குஜிலிப் பதிப்பு’ என்று ஏளனமாகச் சுட்டும் அளவுக்கு அந்தப் பெயருக்குக் கீர்த்தி உண்டாயிற்று. அதே பெயரைப் பிற்காலத்து இளைஞர்கள் பெண்களைக் கேலி செய்ய எடுத்துக்கொண்டது வேறு கதை. சொற்களுக்கும் ஊழ்வினை உண்டு போலும்.

இந்நூல்களை வாசித்தவர்கள் என்பதைவிடக் கேட்டவர்கள் என்பதே பொருந்தும். விற்பவர் சந்தையிலோ திருவிழாக் கூட்டத்திலோ இரயிலடியிலோ நின்று கஞ்சிராவைத் தட்டிப் பாடத் தொடங்குவார். கூட்டம் சேர்ந்து, கதை சூடுபிடிக்கும் இடத்தில் பாட்டை நிறுத்துவார். மீதி வேண்டுமானால் காலணா கொடுத்துப் புத்தகத்தை வாங்கிப் போக வேண்டியதுதான். வாங்கியவருக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் ஊரில் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். மெட்டு முன்பே எல்லாருக்கும் பழகியது. பாட்டின் தலைப்பில், இன்ன பாட்டின் மெட்டு என்று குறித்திருப்பார்கள். பெரும்பாலும் அது நாடக மேடையிலிருந்து வந்த மெட்டாக இருக்கும். எட்டுப் பக்கமுள்ள ஒரு தாள் நூறு காதுகளுக்குப் போதும்.

எவையெல்லாம் பாடப்பட்டன? கொலை, கொள்ளை, தூக்குத் தண்டனை, பஞ்சம், பிளேக், புயல், வெள்ளம். இவற்றோடு சமமாக இரயிலும் டிராமும் மோட்டாரும் சினிமாவும் இடம்பெற்றன. காப்பியும் தேநீரும்கூடத் தப்பவில்லை. இரயில் விபத்து நேர்ந்தால் அதற்கு ஒரு சிந்து. புதிய வண்டிப் பாதை திறந்தால், தலைவன் தலைவிக்கு வழியிலுள்ள காட்சிகளைச் சொல்லிச் செல்லும் பழைய வழிநடைச் சிந்தே புது வேடம் பூண்டு, ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிறுத்தி, எங்கே எந்தக் கோவில், எங்கே எந்தப் பலகாரம், எங்கே வண்டி மாற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போகும். இதைப் பாட்டு என்பதா, கால அட்டவணை என்பதா என்று சிலர் நகைக்கலாம். முதல்முறை இரயிலேறப் போகும் ஒரு குடியானவனுக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைத்தது இலாபந்தான்.

இங்கே கவிஞர்களாகிய நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. இத்தனை புதுமைகளும் வெண்பாவிலும் விருத்தத்திலும் நுழையத் தயங்கியபோது சிந்திலும் கும்மியிலும் தெம்மாங்கிலும் எப்படி எளிதாக நுழைந்தன? மரபிலக்கணப்படி டகரமும் ரகரமும் மொழிக்கு முதலில் வாரா. ‘ரயில்’ என்பவனை ‘இரயில்’ ஆக்கிக் குளிப்பாட்டி உள்ளே அழைக்கலாம். டிராமையும் டிக்கட்டையும் என்ன செய்வது? நேரசை நிரையசை பார்த்துத் தளை கெடாமல் ‘ஸ்டேஷன்’ என்ற சொல்லை ஒரு வெண்பாவுக்குள் உட்கார வைக்க முயன்றவர்களுக்கு அந்தத் துன்பம் தெரியும். சிந்துக்கோ கணக்கே வேறு. புதுவை இரா. திருமுருகன் தம்முடைய ‘சிந்துப் பாவியல்’ நூலில் வகுத்துக் காட்டியபடி, சிந்தில் குறிலானாலும் நெடிலானாலும் உயிரேறிய ஓரெழுத்து ஓரசை, ஒற்றுக்குக் கணக்கில்லை, குறைகிற இடத்தைத் தாளத்தோடு நீட்டி நிரப்பிக்கொள்ளலாம். ‘டிக்கட்டு’ மூன்று, ‘மோட்டார்’ இரண்டு, ‘ஸ்டேஷன்’ இரண்டு, அவ்வளவுதான். அந்நியச் சொல் எத்தனை மெய்யெழுத்துகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தாலும் தாளம் அவற்றைச் சுங்கம் கேட்காமல் விட்டுவிடுகிறது. குஜிலிப் புலவர் மொழியுணர்வு இல்லாதவர், ஆகையால் ஆங்கிலத்தைக் கலந்தார் என்று சொல்லிவருவது பாதி உண்மையே. அவர் கையாண்ட பாவகை அப்படிக் கலக்க இடம் கொடுத்தது; அவர் பாடிய கூட்டமும் அப்படித்தான் பேசியது. புகைவண்டி, பேருந்து, மகிழுந்து, வானொலி என்ற நல்ல சொற்கள் நமக்குப் பின்னர் வந்து சேர்ந்தன. அவை பெருமைக்குரியவை. ஆனால் அவை வரும்வரை மக்கள் வாய்மூடிக் காத்திருக்கவில்லை.

பாரதி இதை உணர்ந்தவர். 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய தேசியப் பாடல்கள் சிலவற்றைப் பதினைந்தாயிரம் படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியபோது அது ஒரு சிறு பிரசுரமாகத்தான் வந்தது. தெருப்பாட்டுப் புத்தகம் நடந்த வழியிலேயே அதுவும் நடந்தது. 1912-இல் வெளிவந்த ‘பாஞ்சாலி சபதம்’ முகவுரையில் எளிய சொல்லும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் உடைய காவியத்தை அவர் வேண்டி நிற்கிறார். அந்தக் காவியத்தின் பெரும்பகுதி நொண்டிச் சிந்து. 1910-இல் ஹாலி வால்மீன் தோன்றி, மே மாதம் பூமி அதன் வாலுக்குள் புகப்போகிறது, நச்சுக் காற்றால் உலகம் அழியும் என்று பல நாடுகளிலும் கிலி பரவியிருந்தது. ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்ற பாடலில் பாரதி அந்த விண்மீனை நோக்கிப் பேசுகிறார். அதன் நீண்ட வால் மிக மெல்லிய வாயுவால் ஆனது, எளியவர்க்கு அதனால் இடரில்லை என்று அறிவியலார் சொன்ன செய்தியும் அதில் வருகிறது; உலகில் நிகழவிருக்கும் மாற்றங்களைப் பற்றிய ஆவலும் வருகிறது. அன்றைய அறிவியற் செய்தி ஒன்றுக்குப் பெருங்கவிஞன் உடனுக்குடன் ஆற்றிய எதிர்வினை அது. செய்தியைப் பாடுவது கவிதைக்கு இழுக்கு என்பவர்கள் அந்தப் பாடலை எங்கே வைப்பார்கள் என்று கேட்க ஆசை.

இவ்வளவு சொல்வதால் குஜிலி இலக்கியம் முழுவதையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்வதாக எண்ண வேண்டாம். அதன் குறைகள் கொஞ்சமல்ல. எழுத்துப் பிழைகளை விட்டுவிடலாம். அட்டையிலுள்ள மரச்செதுக்குப் படத்துக்கும் உள்ளிருக்கும் சங்கதிக்கும் உறவில்லாததையும் வறுமை என்று மன்னிக்கலாம். ஒரே கற்பனை ஊர் தோறும் பெயர் மாறித் திரும்பத் திரும்ப வருவது சலிப்பைத் தரும். அதனினும் கசப்பானது, புதுமை எது வந்தாலும் அதைக் கலிகாலத்தின் அடையாளமாக்கி, பழியைப் பெண்கள் தலையில் கட்டும் வழக்கம். மோட்டாரில் ஏறியவள் கெட்டாள், சினிமாக் கொட்டகைக்குப் போனவள் கெட்டாள், காப்பி குடித்தவளும் கெட்டாள். வண்டியோட்டியவனும் கொட்டகை வைத்தவனும் அதே பாட்டில் தப்பித்துக்கொள்கிறார்கள். சாதி வெறுப்பைக் கூச்சமின்றிக் காட்டும் பாடல்களும் உண்டு. இரயில் பெட்டியில் பலரும் நெருங்கி உட்கார நேர்ந்ததைச் சமத்துவம் என்று வியந்தவர் ஒருவரானால், ஆசாரம் போயிற்றே என்று அழுதவர் இன்னொருவர். சமூக வரலாறு எழுதுகிறவர்க்கு இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மக்கள் இலக்கியம் என்று மாலை சூட்டுவது நேர்மையாகாது.

மோட்டாரைப் பற்றிய ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். நகரத்துக் கனவானுக்கு மோட்டார் என்றால் சொந்தக் கார். தெருப்பாட்டைக் கேட்ட மக்களுக்கு மோட்டார் என்றால் பஸ். 1912-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியபின் தென்மாவட்டங்களில் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளே வேரூன்றியது. ஆகவே இயந்திரத்தின் குதிரைச் சக்தியைப் பற்றி இப்பாடல்கள் கவலைப்படுவதில்லை. கூலி எவ்வளவு, எத்தனை பேரை அடைத்தார்கள், எந்த இடத்தில் நின்றுவிட்டது, யார் இறங்கித் தள்ளினார்கள்: இவைதாம் அவற்றின் விசாரணை. ஒரு புதுப்பொருளை மதிப்பிட இதைவிட நல்ல கேள்விகளை இன்றைக்கும் யாரும் கேட்டுவிடவில்லை.

மோட்டாரும் சினிமாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சான்று உண்டு. தென்னாட்டின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ எடுத்த ஆர். நடராஜ முதலியார், அதற்கு முன் மோட்டார் உதிரிப்பாகங்கள் விற்ற வியாபாரி. வின்சென்டுக்கு இரயில்; முதலியாருக்கு மோட்டார். இயந்திரத்தைக் கண்டு அஞ்சாத மனிதர்களே படக்கருவியையும் தொட்டார்கள்.

சினிமா பேசத் தொடங்கியதும் நிலைமை மாறிற்று. 1931 அக்டோபர் 31-ஆம் நாள் ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அதன் பாடல்களை எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ். நாடக மேடைக்கும் இசைத்தட்டுக்கும் தேசியப் பாட்டுக்கும் பொதுவாக இருந்த புலவர். அதுவரை தெருவில் விற்ற பாட்டுப் புத்தகம் இப்போது கொட்டகை வாசலுக்குக் குடிபெயர்ந்தது. அளவு அதேதான்; மட்டமான தாள் அதேதான்; விலையும் ஏறக்குறைய அதேதான். உள்ளே படத்தின் பாட்டுகளும் பாதிக் கதையும் இருக்கும். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிடுவார்கள். கஞ்சிராக்காரர் பாட்டைப் பாதியில் நிறுத்திப் புத்தகத்தை விற்றார். சினிமாக்காரர் புத்தகத்தைப் பாதியில் நிறுத்திப் படத்தை விற்றார். தந்திரம் ஒன்றே, சரக்குதான் இடம் மாறிவிட்டது. 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பும், 1938-இல் சென்னை வானொலி நிலையமும் வந்தபின் செய்தி சொல்லும் வேலையும் தெருப்புலவரின் கையைவிட்டு மெல்லக் கழன்றது.

ஆனாலும் அந்தக் குரல் ஒரேயடியாக மறைந்ததாகச் சொல்ல முடியாது. 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் பாடும் விஞ்ஞானப் பாட்டை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கணவன் விஞ்ஞானம் வளர்க்கப் போவதாக மார்தட்டுகிறான். மனைவிக்கோ பொத்தானைத் தட்டினால் இட்டலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அணுவைப் பிளந்து உலகத்தையே நடுங்கவைத்த நான்கே ஆண்டுகளுக்குப்பின் அடுக்களையிலிருந்து எழுந்த அந்தக் கோரிக்கை, பழைய சிந்துப் புலவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியேதான். பழியைப் பெண்மேல் போடாமல் அவள் வாயிலேயே வழக்கை வைத்தது கலைவாணரின் பெருந்தன்மை.

இனி, இந்தப் புத்தகங்கள் எப்படிப் பிழைத்தன என்பது. நாம் காப்பாற்றவில்லை. 1867-ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டப்படி அச்சான ஒவ்வொரு நூலின் படியையும் அரசாங்கத்திடம் சேர்க்க வேண்டியிருந்தது. ஆட்சிக்கு எதிராக என்ன பாடுகிறார்கள் என்று கண்காணிப்பதற்கும் அச்சட்டம் உதவிற்று. அதன் பயனாகவே இலண்டன் நூலகத்தில் காலணாச் சிந்துகள் பத்திரமாக இருக்கின்றன. தேசிய இயக்கக் காலத்தில் தடைசெய்யப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் தடைசெய்யப்பட்டதாலேயே கோப்புகளில் உயிர் பிழைத்தன. நம் பக்கத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் போன்ற தனிமனிதர்கள், படித்தவர் குப்பை என்று ஒதுக்கியவற்றையும் விலைகொடுத்துச் சேர்த்தார்கள். அச்சேகரிப்பை வைத்து 1994-இல் சென்னையில் அமைந்த நூலகத்துக்குப் போனால் அவற்றைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஆ. இரா. வேங்கடாசலபதி இவ்வகை நூல்களை ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயரிட்டு ஆராய்ந்த பிறகுதான் கல்வியுலகம் அவற்றைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு முன் எழுதப்பட்ட தமிழ் இலக்கிய வரலாறுகள் பலவற்றில் இவற்றுக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிது.

புலவர்களுக்கும் அதே கதிதான். சிறுமணவூர் முனிசாமி முதலியார் குஜிலி உலகின் முன்னணி ஆசிரியர்களுள் ஒருவர். அவர் பாடிய ‘நடராஜப் பத்து’ இன்றும் கோவில் வாசலில் விற்கும் தோத்திரப் புத்தகங்களில் அச்சாகி வருகிறது. பாடுகிறவர்கள் கண்ணீர் மல்கப் பாடுகிறார்கள். அவர் காலணாப் புத்தகங்களும் எழுதினார் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெய்வத்தைப் பாடிய பாட்டு பெயரோடு நின்றது. தெருவைப் பாடிய பாட்டுகள் பெயரையும் இழந்துவிட்டன.

2023 ஆகஸ்ட் 23-ஆம் நாள் மாலை சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் மெல்ல இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்ற செய்தி பரவிய அந்த இரவிலேயே கைபேசிகளில் தமிழ்ப் பாட்டுகள் வந்து குவிந்தன. வாழ்த்து, பெருமை, கிண்டல், அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லையே என்ற முறையீடு: எல்லாம் இருந்தன. சில தெம்மாங்கு, சில பழைய சினிமா மெட்டு. மிகச் சில நன்றாகவும் இருந்தன. இரண்டு நாளில் அவை யாவும் மறைந்தன. அவற்றின் படியைக் கேட்டு வாங்கும் சட்டமும் இல்லை. சந்தேகப்பட்டுக் கோப்பில் வைக்கும் அதிகாரியும் இல்லை.

நம் வட்டம் பத்தாண்டுகளில் கவியரங்குகள் நடத்தியிருக்கிறது, தொகுப்புகள் வெளியிட்டிருக்கிறது. பதினோராம் ஆண்டில் ஒரு சிறு வேலையையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் விண்ணப்பம். உறுப்பினர்களின் வீட்டுப் பரணில், பாட்டனார் பெட்டியில், பழைய கணக்கு நோட்டுகளுக்கு இடையில் இத்தகைய புத்தகம் ஒன்றிரண்டாவது இருக்கக்கூடும். தாள் தொட்டால் பொடியும் நிலையில் இருக்கும். பிரித்து வைத்துத் தைக்கவோ ஒட்டவோ வேண்டாம். இருக்கிறபடியே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்தால் போதும். முக்கியமாக, மெட்டின் பெயர் அச்சிட்ட வரியை விட்டுவிடக் கூடாது. சொல் தாளில் இருக்கிறது. மெட்டு அந்த ஒரு வரியில் பெயராக மட்டுமே இருக்கிறது. அந்த நாடகப் பாட்டுகளை இன்ன மெட்டு என்று கேட்டவுடன் பாடிக் காட்டக்கூடியவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதலில் அவர்களிடந்தான் போக வேண்டும்.